வீட்டு ஓவனில் பகெட்: மேலோடு அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடுவது ஏன்?

மாவுக்கை கேட்டது:

பிரெஞ்சு நீள ரொட்டியான பகெட் செய்கிறேன். சுவை பரவாயில்லை, மேலோடுதான் நிற்கவில்லை. ஓவனிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது. அரை மணி நேரத்தில் பன் மாதிரி மெத்தென்று ஆகிவிடுகிறது. கீறல்கள் விரிவதில்லை, வெறும் கோடுகளாகவே நின்றுவிடுகின்றன. நிறமும் வெளிறிப்போய்.

அளவுகள்: மாவு 500 கிராம் (புரதம் 11 விழுக்காடு என்று பாக்கெட்டில் இருக்கிறது), தண்ணீர் 325 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். பிசைந்த பிறகு 1 மணி நேரம், உருட்டிய பிறகு 1 மணி நேரம். சமையலறை 27, 28 டிகிரி. மின்சார ஓவன், விசிறி உண்டு, உச்சம் 250. மூன்றாகப் பிரித்து, தட்டின் நீளத்துக்கு 38 செ.மீ. நீட்டுகிறேன். அடித்தட்டில் ஐஸ் கட்டி போட்டு, 220 டிகிரியில் 20 நிமிடம்.

எதை மாற்ற வேண்டும்? ஈஸ்டா, மாவா, ஓவனா?

---

தணல் எழுதியது:

மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஆனால் தொய்வுக்கு முதல் காரணம் நீங்கள் சந்தேகப்படாத ஒன்று: பகெட்டின் பருமன்.

பிரான்சில் 65 செ.மீ. பகெட்டுக்குப் பொதுவாக 350 கிராம் பிசைந்த மாவு எடுத்து உருட்டுவார்கள். வெந்த பிறகு அது 250 கிராம் நிற்கும். ஒரு செ.மீ.க்கு 5.4 கிராம். உங்கள் 841 கிராம் மாவை மூன்றாக்கி 38 செ.மீ. நீட்டினால் செ.மீ.க்கு 7.4 கிராம் வருகிறது. அது பகெட் இல்லை, குட்டை ரொட்டி. உள்ளே சதை அதிகம், அதைச் சுற்றிய ஓடு குறைவு. ஓவனிலிருந்து எடுத்த நேரத்தில் உள்சதையில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும், மேலோட்டில் மிகக் கொஞ்சம்தான். ஆற ஆற அந்த ஈரம் வெளியே நகர்ந்து ஓட்டில் ஏறும். கண்ணாடி போல நொறுங்கிய ஓடு அப்போது ரப்பராகிவிடும். எல்லாப் பகெட்டுக்கும் கடைசியில் இதுதான் கதி. நம் வேலை அதை அரை மணியிலிருந்து நாலைந்து மணி நேரத்துக்குத் தள்ளிவைப்பது.

நான்காகப் பிரியுங்கள். துண்டு 210 கிராம், நீளம் 38 முதல் 40 செ.மீ. கணக்கு நேராகிவிடும்.

அடுத்து, வெந்ததா என்பதை நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எடை போடுங்கள். 210 கிராம் உள்ளே போன துண்டு 160, 165 கிராமாக வெளியே வர வேண்டும். 175-க்கு மேல் இருந்தால் தண்ணீர் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு சிவந்திருந்தாலும் தொய்யும். 220-ல் 20 நிமிடத்தில் உங்கள் 280 கிராம் துண்டு இந்த அளவுக்கு வற்ற வாய்ப்பே இல்லை.

இனி ஆவி. சில்லென்ற மாவின் மேல் நீராவி படிந்து மெல்லிய நீர்ப்படலமாகும். அந்த நீரும் சூடும் சேர்ந்து மேற்பரப்பு மாவுச்சத்தைக் கஞ்சிப் பசை போல ஆக்கும். அதனால் தோல் சீக்கிரம் இறுகாது, உள்ளே வாயு விரியும்போது கூடவே நீளும், கீறல் திறக்கும். பிற்பாடு அதே பசை காய்ந்துதான் பளபளப்பான மெல்லிய ஓடாகிறது. ஆனால் மாவின் மேற்பரப்பு 100 டிகிரியை நெருங்கிவிட்டால் ஆவி அதன் மேல் படியாது. ஆகவே ஆவிக்கு வேலை முதல் சில நிமிடங்களில்தான்.

ஐஸ் கட்டி இதனால்தான் தோற்கிறது. முதலில் உருக வேண்டும், பிறகு கொதிக்க வேண்டும், இரண்டுக்கும் ஓவனின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆவி முழுதாக எழும் நேரத்தில் மாவின் தோல் காய்ந்து முடிந்திருக்கும். கொதிக்கிற தண்ணீர்தான் சரி.

செய்முறை இது. பீட்சா கல், இரும்புத் தகடு, இரண்டும் இல்லையென்றால் கனமான தட்டைக் கவிழ்த்து நடுத்தட்டில் வைத்து 250-ல் குறைந்தது 45 நிமிடம் காய வையுங்கள். ஓவன் விளக்கு அணைந்தால் காற்று சூடாகிவிட்டது என்று அர்த்தம், கல் சூடாகிவிட்டது என்றல்ல. கீழ்த்தட்டில் பழைய இரும்பு வாணலியும் கூடவே காயட்டும். பகெட்டை உள்ளே தள்ளியதும் வாணலியில் 150 முதல் 200 மி.லி. கொதிநீர் ஊற்றிச் சட்டென்று கதவை மூடுங்கள். ஊற்றும்போது கதவுக் கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சூடான கண்ணாடியில் விழுந்தாலும் விரிசல் விடலாம். கைக்கு நீளமான உறை கட்டாயம். முதல் 10 நிமிடம் விசிறி ஓடக் கூடாது, ஓடினால் ஆவியை வெளியே துரத்திவிடும்.

10 நிமிடம் ஆனதும் வாணலியை எடுத்துவிடுங்கள், கதவை ஒரு தடவை அகலத் திறந்து ஆவியை விடுங்கள், 230-க்கு இறக்கி விசிறியைப் போடுங்கள். இன்னும் 12 முதல் 15 நிமிடம். கடைசி 4 நிமிடம் கதவிடுக்கில் மரக்கரண்டியைச் செருகி வையுங்கள். இப்படி உலர்த்துவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஈரம், முடிவில் வறட்சி. ஆவி கடைசிவரை உள்ளேயே நின்றால் ஓடு பளபளக்கும், ஆனால் தோல் பட்டை மாதிரி இழுக்கும்.

ஆற வைப்பது கம்பித் தட்டில், இடைவெளி விட்டு. நன்றாகக் காய்ந்த பகெட் ஆறும்போது சடசடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். ஓட்டில் நுண்விரிசல் ஓடுகிற சத்தம் அது.

---

வெதுப்பன் எழுதியது:

தணல் சொன்னது போறணை (ஓவன்) பக்கம். மாப் பக்கத்தில பிழை 7 கிராம் ஈஸ்ட். அந்தப் பாக்கெட் 500 கிராம் மாவை ஒரு மணித்தியாலத்தில பொங்க வைக்கிறதுக்கு அளந்தது, பாணுக்கு (ரொட்டிக்கு) மணம் வர வைக்கிறதுக்கு இல்லை. 28 டிகிரியில உருட்டின பிறகும் ஒரு மணித்தியாலம் விட்டால் அது போறணைக்குள்ள போக முதலே களைச்சுப் போயிடும். விரியிறதுக்கு மிச்சம் ஒண்டும் இராது, கீறல் எப்படித் திறக்கும்? இன்ஸ்டன்ட் ஈஸ்ட் மொத்தம் 2 கிராமுக்குக் கிட்டக் காணும். அதுக்குப் பதிலா நேரத்தைக் குடுங்கோ.

பூலிஷ், அதாவது முதல் நாளே புளிக்க வைக்கிற தண்ணி மா, போட்டுச் செய்யிற கணக்கு, நாலு பகெத்துக்கு:

முதல் நாள் இரவு 150 கிராம் மா, 150 கிராம் தண்ணீர், இரண்டு விரலால கிள்ளினால் வாற அளவுக்கும் குறைய ஈஸ்ட். தோசை மா பதத்தில இருக்கும். 20, 21 டிகிரியில 12 முதல் 14 மணித்தியாலம். மேல் முழுக்கக் குமிழ் விட்டு, நடுவில லேசாக் குழி விழத் தொடங்கிற நேரம்தான் பதம். நல்லா அமிழ்ந்து பழச்சாறு புளிச்ச மணம் வந்தால் பிந்திப் போச்சு. அந்த மாவுக்கு இழுவை இராது.

அடுத்த நாள் 350 கிராம் மா, 190 கிராம் தண்ணீர், பூலிஷ் முழுவதும் சேர்த்துக் கலந்து, உப்பும் ஈஸ்ட்டும் போடாமல் 30 நிமிசம் மூடி வையுங்கோ. ஒட்டோலிஸ் எண்டு சொல்லுறது இதைத்தான், 1970களில பேராசிரியர் ரேமோன் கல்வெல் பரப்பின முறை. மா தானாகவே தண்ணீரை உறிஞ்சி இழை கட்டும், பிசையிற வேலை பாதியாகும், உருட்டேக்க சுருங்கி இழுக்காது. பிறகு 9 கிராம் உப்பும் 1.5 கிராம் ஈஸ்ட்டும் போட்டு 5, 6 நிமிசம் பிசைஞ்சால் போதும். நிறையப் பிசைஞ்சால் உள்சதை வெள்ளையாப் பஞ்சு மாதிரி வரும், மணம் குறையும். மொத்தத் தண்ணீர் 340, அதாவது 68 வீதம். உங்கட 65 வீதமும் பிழையில்லை, கொஞ்சம் கூட்டினால் துளைகள் பெரிசா வரும்.

பிறகு 2 மணித்தியாலம், 30ஆவது நிமிசத்திலயும் 60ஆவதிலயும் நாலு பக்கமும் இழுத்து மடியுங்கோ. ஒண்டரை மடங்கு உப்பினால் போதும், இரட்டிப்பாக வேண்டாம்.

பிசைஞ்ச மாவின்ர சூடு 24 டிகிரியில நிக்க வேணும். அதுக்கு ஒரு சுலபக் கணக்கு: கையால பிசையிறதெண்டால் 72 இல இருந்து அறையின்ர சூட்டையும் பிசைய முதல் உலர்மாவின்ர சூட்டையும் கழியுங்கோ, வாறதுதான் தண்ணீரின்ர சூடு. 28 டிகிரி அறையில 72 கழித்தல் 28 கழித்தல் 28, 16 டிகிரித் தண்ணீர். மெசினில பிசைஞ்சால் உரசலில மா சூடாகும், 72க்குப் பதிலா 62 வையுங்கோ.

உப்பு சரியா வைச்சிருக்கிறீங்கள். பாரிஸ் நகரசபை நடத்திற பகெத் போட்டியின்ர விதியும் கிலோ மாவுக்கு 18 கிராம்தான். 2023இல அந்தப் போட்டியில முதலாவதா வந்தவர் 20ஆம் வட்டாரத்தில வெதுப்பகம் வைச்சிருக்கிற தர்ஷன் செல்வராஜா, ஈழத்தில இருந்து போன எங்கட பிள்ளை. வெல்லுறவர் ஒரு வருசம் பிரெஞ்சு ஜனாதிபதியின்ர எலிசே மாளிகைக்குப் பாண் குடுப்பார். அந்தப் போட்டியில வேகல், சுவை, உள்சதை, மணம், தோற்றம் எண்டு அஞ்சுக்கும் புள்ளி. வீட்டிலயும் அதே அஞ்சையும் பார்த்துக் குறிச்சு வைச்சால் எங்க குறையெண்டு தெரியும்.

பால், பட்டர், எண்ணெய் எதுவும் போடாதேங்கோ. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘பிரெஞ்சு மரபுப் பாண்’ எண்டு சொல்லி விக்கிறதெண்டால் மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளிமா, இவ்வளவும்தான். கொஞ்சம் அவரை மாவும் சோயா மாவும் மோல்ட் மாவும் (முளைகட்டின தானிய மா) மட்டும் அளவோட விடுவினம். கொழுப்பு சேர்ந்தால் ஓடு மெதுமையாகும், அது வேற பாண்.

---

புதுவை மைதா எழுதியது:

வெதுப்பன் சொன்ன பூலிஷ் அளவு குளிர் ஊருக்குச் சரி. இங்கே 30 டிகிரிக்கு மேல் இருக்கும் சமையலறையில் இரவு வைத்தால் விடியும் முன்பே பொங்கி அமிழ்ந்துவிடும். கேட்டவரின் 28 டிகிரியிலும் அப்படித்தான். அதனால் வெயில் ஊர்க்காரர்கள் பூலிஷை விட்டுவிட்டு ஃபிரிட்ஜைப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

500 கிராம் மாவு, 335 கிராம் ஐஸ் தண்ணீர், 30 நிமிடம் ஊறல், பிறகு 9 கிராம் உப்பு, 1.5 கிராம் ஈஸ்ட். வெளியே 45 நிமிடம், நடுவில் இரண்டு மடிப்பு. கால் பங்கு உப்பியதும் மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் 14 முதல் 18 மணி நேரம். எடுத்ததும் சில்லென்றே வெட்டி உருட்டலாம். அதுவே வசதி, ஈர மாவு கையில் ஒட்டாது. மணம் பூலிஷுக்குச் சற்றும் குறையாது.

இந்திய மைதாவில் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, பிராண்டுக்குப் பிராண்ட் அது குடிக்கும் தண்ணீர் மாறும். முதல் தடவை 310 கிராமில் தொடங்கி, மீதியை உப்பு போடும்போது பார்த்துப் பார்த்துச் சேருங்கள். சப்பாத்தி ஆட்டா இதற்கு ஆகாது. அதிலுள்ள தவிடு பசையிழைகளை அறுத்துவிடும், ஓடும் கட்டியாக வரும். இன்னொன்று நிறம். நம் கோதுமை வறண்ட வெயிலில் அறுவடையாவதால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி அதில் குறைவு. ஈஸ்ட் தின்றது போக, ஓடு சிவப்பதற்குச் சர்க்கரை மிஞ்சாது. பிரெஞ்சு விதியில் மாவின் எடையில் 0.3 விழுக்காடு மோல்ட் மாவு அனுமதி என்று இருப்பதும் இதற்காகத்தான். 500 கிராமுக்கு 1.5 கிராம்.

கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். கோதுமையை ஊறவைத்து முளைகட்டி, முளை தானியத்தின் நீளம் வந்ததும் நிழலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் பொடித்துச் சலியுங்கள். வறுக்கக் கூடாது, வறுத்தால் நொதி செத்துவிடும். 1.5 கிராமைத் தாண்டாதீர்கள்; அதிகமானால் உள்சதை பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் 5 கிராம் சர்க்கரை. நிறம் வரும், மணம் அவ்வளவு வராது.

கேஸ் ஓவன் வைத்திருப்பவர்கள் கொதிநீர் முறையை நம்ப வேண்டாம். எரிந்த வாயு வெளியேற அதில் திறப்பு இருக்கும், ஊற்றிய ஆவி அந்த வழியாகவே போய்விடும். ஆழமான அலுமினிய டிரேயைப் பகெட்டுகளின் மேல் கவிழ்த்து மூடுங்கள், மூடும் முன் டிரேயின் உட்புறம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். மாவிலிருந்து வரும் ஆவியே உள்ளே அடைபடும். 10 நிமிடத்தில் டிரேயை எடுத்துவிடலாம். விசிறியை நிறுத்த முடியாத ஓவனுக்கும் இதேதான் வழி.

---

மாவுக்கை எழுதியது:

நன்றி. நான்காகப் பிரித்து, ஃபிரிட்ஜ் முறையில் செய்து பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். உருட்டிய பிறகு எவ்வளவு நேரம் விட வேண்டும், பதம் எப்படித் தெரியும்? கீறுவதற்குப் பழக்கத்தி போதுமா?

---

ஐந்து கீறல் எழுதியது:

பழக்கத்தி போதாது. அது மாவை அறுக்காது, இழுக்கும். சவரப் பிளேடு ஒன்றை ஐஸ்கிரீம் குச்சியில் செருகிக்கொள்ளுங்கள், போதும். நாலைந்து தடவைக்கு மேல் ஒரு முனையைப் பயன்படுத்தாதீர்கள்.

கீறல் விரியாததற்குப் பலரும் பிளேடைக் குறை சொல்வார்கள், ஆனால் பாதிக் காரணம் உருட்டலில் இருக்கிறது. தோல் இழுபட்டு விறைப்பாக இருந்தால்தான் கீறியதும் வாய் பிளக்கும். ஆகவே உருட்டலிலிருந்து தொடங்குகிறேன்.

வெட்டிய துண்டை லேசாகச் சுருட்டி 20 நிமிடம் மூடி வையுங்கள். சில்லென்ற மாவென்றால் 40 நிமிடம். இந்த ஓய்வைக் குறைத்தால் நீட்டும்போது ரப்பர் மாதிரித் திரும்பி வரும், பலவந்தமாக நீட்டினால் தோல் கிழியும். பிறகு செவ்வகமாகத் தட்டி, பெரிய குமிழிகளை மட்டும் உடைத்து, மேல் விளிம்பை நடுவுக்கு மடித்து உள்ளங்கை அடியால் அழுத்துங்கள். திருப்பி மறுபக்கமும் அப்படியே. கடைசியாக இரு விளிம்பையும் சேர்த்து, கட்டைவிரலை உள்ளே வைத்து மடித்து மடித்து மறு கையின் அடியால் ஒட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய வரி ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். அது கோணினால் வேகும்போது பகெட்டும் கோணும், சரியாக ஒட்டாவிட்டால் அடியில் வெடிக்கும். நீட்டும்போது நடுவிலிருந்து இரு கையும் வெளிப்பக்கம் போக வேண்டும். மேடையில் உலர்மாவு அதிகம் இருந்தால் மாவு உருளாமல் வழுக்கும், கொஞ்சமாகத் தூவுங்கள்.

உருட்டியதைப் படுக்க வைக்கும் தாங்கு துணிக்கு லினன் தேடி அலைய வேண்டாம், கஞ்சியில்லாத காடாத்துணி போதும். அரிசி மாவையும் மைதாவையும் சமமாகக் கலந்து தேய்த்துக்கொள்ளுங்கள், ஒட்டாது. பகெட்டுகளுக்கு நடுவே துணியை மடிப்பாகத் தூக்கிவிட்டால் அவை பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும். ஒட்டிய வரி மேலே பார்க்கட்டும். ஓவனுக்கு மாற்றும்போது மெல்லிய பலகையால் புரட்டினால் வரி அடிக்குப் போகும், துணிப்பக்கம் இருந்த சற்றே காய்ந்த தோல் மேலே வரும். அது கீறுவதற்கு வசதி.

நேரம்: 24 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம், 28-ல் 30 முதல் 40. கடிகாரத்தை நம்பாமல் விரலால் பாருங்கள். ஈர விரலால் பக்கவாட்டில் அரை செ.மீ. அழுத்தினால் குழி மெதுவாக எழுந்து, பாதியில் நிற்க வேண்டும். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் ஆகவில்லை. இப்போதே சுட்டால் கீறலை விட்டுவிட்டு விலாவில் வெடிக்கும். குழி எழவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் முன்னதாகவே சுடுங்கள். முந்தினால் வடிவம்தான் கெடும், பிந்தினால் எல்லாமே போகும்.

கீறும்போது குறுக்காக வெட்டக் கூடாது, பகெட்டின் நீளவாட்டிலேயே போக வேண்டும், நடு அச்சிலிருந்து சற்றே சாய்ந்து. 40 செ.மீ.க்கு நான்கு கீறல். ஒவ்வொன்றும் 10, 12 செ.மீ. நீளம், முந்தைய கீறலின் கடைசி மூன்றிலொரு பங்கை ஒட்டி அடுத்தது தொடங்க வேண்டும். பிளேடை 30 டிகிரிக்குப் படுக்க வைத்து, தோலுக்கு அடியில் நுழைப்பது போல, அரை செ.மீ. ஆழம். அப்போதுதான் ஒரு மடல் உண்டாகி, விரியும்போது மேலே தூக்கி நிற்கும். செங்குத்தாக வெட்டினால் இரு பக்கமும் சமமாக விலகித் தட்டையாகிவிடும், உங்கள் கோடுகள் இப்படி வந்தவையாகவும் இருக்கலாம். தயங்காமல் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் பிளேடைத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளலாம்.

---

தணல் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. நான்கையும் ஒரே தடவையில் நெருக்கி அடுக்காதீர்கள். 60 செ.மீ. ஓவனில் 5 செ.மீ. இடைவெளியோடு மூன்று வைக்கலாம், இரண்டு இரண்டாகச் சுடுவது இன்னும் நல்லது. நெருங்கினால் விலாப்பக்கம் வெளிறி மெத்தென்று நின்றுவிடும், அங்கிருந்துதான் தொய்வு தொடங்கும். இரண்டாவது ஜோடியை உருட்டி 15 நிமிடம் ஆனதும் துணியோடு ஃபிரிட்ஜில் வையுங்கள், காயாதபடி மேலே மூடி. முதல் ஜோடி வெந்து, ஓவன் மறுபடி 250-க்கு 15 நிமிடம் காய்ந்த பிறகு நேராக எடுத்துக் கீறலாம். சில்லென்ற தோலில் கீறல் இன்னும் சுத்தமாக விழும்.

மிஞ்சியதை பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் குளிரில் ரொட்டி இன்னும் வேகமாக விறைத்துப் பழசாகும். அன்றைக்குக் காகிதப் பை போதும். மறுநாளைக்கு என்றால் முழுதாக ஆறியதும் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்து, மேலே தண்ணீர் தெளித்து, 200 டிகிரியில் 5 முதல் 7 நிமிடம். ஓடு திரும்ப மொறுமொறுக்கும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.